பாண்டிச் சில்லும் கண்ணாடிப் பேழையும்

திருப்புவனம் வட்டாரத்தில் உழவு ஓட்டிய வயலில் முதல் மழை விழுந்ததும் மண் கரைந்து ஓடுகள் வெளியே தெரியும். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. சிலவற்றில் இன்னும் மெருகு போயிருக்காது, ஈரத்தில் பளபளக்கும். 1970களில் அங்கே வளர்ந்த எங்களுக்கு அவை விளையாட்டுச் சாமான்கள். நல்ல கனமான ஓடாகப் பார்த்துப் பொறுக்கி, அம்மிக்கல்லின் ஓரத்தில் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கினால் பாண்டி ஆடச் சில்லு தயார். புது ஓட்டுச் சில்லு எகிறிக் கட்டத்துக்கு வெளியே போய்விடும். வயல் ஓட்டுச் சில்லு விழுந்த இடத்தில் நிற்கும். அதனால் அதற்குத் தனி மதிப்பு. பாவாடை நுனியில் முடிந்து வைத்துக்கொள்வோம்.

அந்தச் சில்லுக்கு 2,000 ஆண்டுக்கு மேல் வயது இருக்கக்கூடும் என்று எங்களுக்குச் சொல்ல யாருமில்லை. இன்று எங்கள் வட்டாரத்துக் கீழடி அருங்காட்சியகத்தில் அதேபோன்ற வட்டச் சில்லுகள் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. நாங்கள் காலால் எத்தி விளையாடியதை, என் பேத்தி வயதுக் குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்க்கிறார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது, வந்த மாற்றத்தில் எங்கள் ஊர்க்காரர்களின் இடம் எது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

எங்கள் பகுதி அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல். தென்னந்தோப்பும் நெல்லும் கண்மாய்ப் பாசனமுமாக இருந்த ஊர்கள். உழும்போது கொழுவில் ஓடு தட்டினால் எடுத்து வரப்பில் எறிவார்கள். பயிருக்கு இடைஞ்சல், காலைக் கிழிக்கும் என்பதைத் தவிர அதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. தோட்டத்தில் குழி எடுக்கும்போது பெரிய அகலமான செங்கல் கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் மரியாதை உண்டு: கொண்டுவந்து வாசற்படிக்கோ மாட்டுக் கொட்டகைத் தரைக்கோ பதித்துக்கொள்வார்கள். பாசிமணி கிடைத்தால் குழந்தையின் அரைஞாணில் கோத்துவிடுவார்கள்.

தாழிகள் என்றால் மட்டும் பயம். ஊர் எல்லையில் மண் அரித்த இடத்தில் பெரிய பானையின் வாய் வட்டமாகத் தெரியும். "ஆத்தா, அங்கிட்டுப் போகாத. அது பெரியவுக இருக்குற எடம்" என்று அப்பத்தா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். அந்தக் காலத்தில் மனிதர்கள் சாகவே மாட்டார்களாம். வயதாக ஆக உடம்பு சுருங்கிக் குழந்தைபோல் ஆனதும் தாழிக்குள் உட்காரவைத்து, விளக்கும் சோறும் வைத்து மூடிவிடுவார்களாம். தமிழ்நாட்டில் தாழி கிடைக்கும் பல ஊர்களில் இந்தக் கதை ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அந்தப் பயம் பல தாழிகளைக் காப்பாற்றியும் இருக்கிறது. யாரும் தோண்டவில்லை, யாரும் உடைக்கவில்லை.

அப்போது எங்களுக்கு அருங்காட்சியகம் என்றால் மதுரை காந்தி மியூசியம். இராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்தது. பள்ளியில் வரிசையாக அழைத்துப் போனார்கள். காந்தியடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த இரத்தக் கறை படிந்த துணியின் முன்னால் எங்கள் ஆசிரியை கண்கலங்கி நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. வசதியான பள்ளிப் பிள்ளைகள் சென்னைக்குப் போய் எழும்பூர் அருங்காட்சியகமும் பார்த்து வந்தார்கள். வரலாறு நடந்த இடம் மதுரை, தஞ்சாவூர், சென்னை, டெல்லி. பாடப்புத்தகத்தில் ஹரப்பாவின் செங்கல் சுவர்ப் படம் இருந்தது. பழைய அகலச் செங்கல் பதித்த மாட்டுக் கொட்டகையிலிருந்து கிளம்பிப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்து எழுதிப் பரீட்சையில் மதிப்பெண் வாங்கினோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் கற்றுத்தரவில்லை.

கிடைத்த பொருள் கிடைத்த ஊரில் தங்காது என்பதுதான் அன்றைய வழக்கம். ஆதிச்சநல்லூர் அதற்குப் பெரிய சாட்சி. 1876இல் ஜெர்மானியரான யாகோர் அங்கே தோண்டி, எடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் ரியா தோண்டியவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. பொருநை என்னும் தாமிரபரணியின் கரைக்காரர்களுக்கு மிஞ்சியது தாழிகள் புதைந்த பரம்பு மேடு மட்டும். தங்கள் ஊரின் பெயரை உலகத்துக்குச் சொன்ன வெண்கலச் சாமான்களைப் பார்க்க அவர்கள் சென்னைக்கு இரயில் ஏற வேண்டியிருந்தது. அந்த மண்ணிலேயே, தோண்டிய குழியைக் கண்ணாடித் தளத்தின் வழியாகப் பார்க்கும்படி ஒரு காட்சியகம் அமைந்தது 2023இல்தான்.

கீழடியில் 1970களிலேயே ஒருவருக்குக் கண் திறந்திருந்தது. ஊர்ப் பள்ளியில் வரலாறு நடத்திய ஆசிரியர் அவர். மாணவர்கள் கொண்டுவந்து காட்டிய பழம்பொருள்களைக் குப்பையில் போடாமல் பத்திரப்படுத்தி, தொல்லியல் துறைக்கும் தகவல் சொன்னார். மாவட்டத்துக்குள் அந்தச் செய்தி சிலருக்குத் தெரியும். ஆனால் முறையான அகழாய்வு வர அதற்குப் பிறகு ஏறத்தாழ 40 ஆண்டு ஆனது. ஆசிரியர் வேலைக்கு வந்த பின்பு அவரைப் பற்றிக் கேள்விப்பட்டபோதுதான், வகுப்பறைக்குள் ஒரு பிள்ளை கொண்டுவரும் ஓட்டுத்துண்டை எப்படி வாங்கிப் பார்க்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டேன். ஓர் ஊரின் முதல் அருங்காட்சியகம் பெரும்பாலும் இப்படி ஓர் ஆசிரியரின் மேசை இழுப்பறையில்தான் தொடங்குகிறது.

2013-14இல் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை வைகைக் கரை நெடுக ஆய்வு செய்து 293 இடங்களைக் குறித்தது. அவற்றில் ஒன்று கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல். அத்துறையின் தொல்லியல் அறிஞர் அமர்நாத் இராமகிருஷ்ணா தலைமையில் 2015இல் அங்கே குழி போட்டார்கள். ஊரில் முதலில் எழுந்த பேச்சு புதையலைப் பற்றித்தான். அடுத்து எழுந்தது பயம்: "நெலத்தக் கவர்மெண்டு எடுத்துக்குமோ?" தோப்புக்காரர்களின் கவலை நியாயமானது. தென்னை என்பது தலைமுறைச் சொத்து. இருந்தும் பலர் இடம் கொடுத்தார்கள். மரங்களுக்கு நடுவே குழி போட்டு, ஆவணப்படுத்தி முடித்ததும் மண்ணை நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று கீழடி என்று உலகம் பேசுகிற செங்கல் கட்டுமானங்கள் பலவும் அப்படி மறுபடியும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கின்றன. நிலம் கொடுத்த அந்தக் குடும்பங்களின் ஒப்புதல் இல்லாமல் இதில் எதுவும் நடந்திருக்காது.

குழியில் இறங்கி வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத்து ஆண்களும் பெண்களும். அவர்களில் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி உண்டு. படிப்பு எட்டாவதோடு நின்று, களையெடுப்பும் நடவுமாக இருந்தவள். ஒரு நாள் குழிக்கரையில் அவளைப் பார்த்தேன். கையில் சிறு கரண்டியும் தூரிகையும்.

"டீச்சர், மொத நாளு நாங்க எல்லாம் தங்கம் கெடைக்கும்னுதான் நெனச்சோம். இப்ப ஓட்டுல ரெண்டு கீறல் இருந்தா அன்னிக்குப் பூராம் சந்தோசம்" என்றாள்.

"கீறல் எழுத்தா, வெறும் கோடான்னு உனக்குத் தெரியுதா?"

"அத அவுக பாத்துச் சொல்லுவாக. நாங்க கழுவயில அழுத்தித் தேய்க்கக் கூடாது, அம்புட்டுத்தான். மண்ணு நெறம் மாறுச்சுன்னா கைய நிப்பாட்டிரணும். இந்தா பாருங்க, இது களிமண்ணு. இது சாம்ப. சாம்ப வந்துச்சுன்னா அங்க யாரோ அடுப்பு எரிச்சிருக்காக."

நான் புத்தகத்தை வைத்து 30 ஆண்டுக்கு மேல் நடத்திய வரலாற்றில் இவ்வளவு கூர்மை இருந்ததில்லை. 10 மீட்டர் சதுரமாக நூல் கட்டி, அதை நான்காகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி இறங்குகிறார்கள். எந்தக் குழி, எந்தக் கால்பகுதி, எவ்வளவு ஆழம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் குறிப்பு எழுதுகிறார்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் தங்கக் காதணியும் அடகுக்கடைச் சாமான்தான். குறிப்பு இருந்தால் உடைந்த ஓடும் சாட்சி சொல்லும். வயலில் பொறுக்கி விளையாடிய எங்கள் சில்லுகள் சாட்சி சொல்லும் தகுதியை இழந்தது அப்படித்தான். எந்த ஆழத்திலிருந்து வந்தவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

முதல் இரண்டு கட்டங்களில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. அவற்றைக் கர்நாடகத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்ற பேச்சு 2016இல் எழுந்ததும் ஊர் விழித்துக்கொண்டது. வரப்பில் எறிந்த ஓட்டுக்காகப் பெண்களும் பெரியவர்களும் கூட்டம் கூடிப் பேசியதை நான் கண்ணால் பார்த்தேன். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. 2017இல் அமர்நாத் இராமகிருஷ்ணா அஸ்ஸாமுக்கு மாற்றப்பட்டார். தமிழகமெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. நான்காம் கட்டத்தை 2018இல் தமிழ்நாடு தொல்லியல் துறை ஏற்று நடத்தியது. "எங்கள் ஊரில் கிடைத்தது எங்கள் ஊரிலேயே இருக்கட்டும்" என்ற கோரிக்கை அந்த நாள்களில் பிறந்தது. கட்டடத்துக்கு நீண்ட நாள் முன்பே அருங்காட்சியகம் அந்த மக்களின் வாயில் உருவாகிவிட்டது என்றுதான் சொல்வேன்.

2019 செப்டம்பரில் நான்காம் கட்ட அறிக்கை வந்தது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று அமெரிக்க ஆய்வகம் கணித்திருந்தது. தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துப் பொறித்த 56 ஓடுகள் கிடைத்திருந்தன. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பதிவான தொல்பொருள்கள் 5,820. காலக்கணிப்பைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் தொடர்கிறது; தொடரட்டும், அதுதான் முறை. எங்கள் வட்டாரத்தில் நடந்தது வேறு. வெளியூர் வண்டிகள் வரத் தொடங்கின. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு குழிக்கரையில் நின்று எட்டிப் பார்த்த குடும்பங்கள், கல்லூரிப் பேருந்துகள், வயதான தம்பதிகள். தோப்புக்குப் போகிற வண்டிப்பாதையில் டீக்கடையும் இளநீர்க் கடையும் முளைத்தன. அந்த நவம்பரில் மதுரை உலகத் தமிழ்ச் சங்கக் கட்டடத்தில் கீழடிப் பொருள்களைக் காட்சிக்கு வைத்தபோதும் கூட்டம் அப்படித்தான் திரண்டது.

2023 மார்ச் 5 அன்று கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டு ஏக்கரில், 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, செட்டிநாட்டு வீட்டின் பாணியில் முற்றமும் தூண்களும் ஓட்டுக் கூரையுமாகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனதும் எனக்கு முதலில் பட்டது அதன் வகைப்பாடு. அரச வம்சங்களை வரிசையாக அடுக்காமல், வேலைகளின் பெயரால் கூடங்களைப் பிரித்திருக்கிறார்கள்: வேளாண்மையும் நீர் மேலாண்மையும், பானை வனைதல், நெசவு, கடல் வணிகம், அன்றாட வாழ்க்கை. கீழடியில் அரண்மனை கிடைக்கவில்லை. கிடைத்தவை உறைகிணறு, சுடுமண் குழாய், தக்களி, நூற்கதிர் போன்ற எலும்பு முனைகள், தந்தச் சீப்பு, சூதுபவள மணி, தாயக்கட்டை, ஆட்டக்காய். உழைத்த கைகளின் சாமான்கள். உழைக்கிற கைகள் அவற்றைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கின்றன.

என் அக்கா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். அவரைக் கூட்டிப் போயிருந்தேன். உறைகிணற்றைப் பார்த்ததும், "நம்ம தோட்டத்துல தாத்தா எறக்குன ஒறை இதே மாதிரித்தான" என்றார். பானை ஓட்டில் ஆதன், குவிரன் ஆதன் என்று பெயர் பொறித்திருந்ததை நான் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சீர்ப் பாத்திரத்துல பேரு வெட்டுறாப்புல வெட்டியிருக்காக" என்றார். எனக்குத் தெரிந்து அந்த ஓடுகளுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. தன் பானை இன்னொருவர் பானையோடு கலந்துவிடக் கூடாது என்று நினைத்த ஒரு சாதாரண மனிதருக்கு எழுதத் தெரிந்திருந்தது. கல்வெட்டை வெட்டுவிக்கப் பொருளும் ஆளும் வேண்டும். பானையில் பெயர் கீற வீட்டுக்காரரே போதும்.

சில்லுகள் இருந்த பேழைக்கு முன்னால் இருவரும் நீண்ட நேரம் நின்றோம். நான்காம் கட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்ட வட்டச் சில்லுகள் கிடைத்ததாக அறிக்கை சொல்கிறது. ஓரம் தேய்த்த விதம் எங்கள் விதம். பக்கத்தில் நின்ற குழந்தைகளிடம் அக்கா பாண்டி ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினார்: கட்டம் எப்படிப் போடுவது, சில்லை நெற்றியில் வைத்துக்கொண்டு அண்ணாந்தபடி "ரைட்டா?" என்று கேட்டுக் கேட்டுக் கட்டம் தாண்டுவது எப்படி. அந்தக் குழந்தைகளில் ஒருவருக்கும் பாண்டி தெரியவில்லை. அன்று எங்களிடம் ஆட்டம் இருந்தது, சில்லின் வயது தெரியாது. இன்று சில்லின் வயது நூற்றாண்டுக் கணக்கில் தெரிகிறது, ஆட்டம் தெருவில் இல்லை. இரண்டையும் அறிந்த தலைமுறை எங்களுடையது. அதைக் குழந்தைகள் கையில் கொடுக்காமல் போனால் பேழைக்குள் இருப்பது வெறும் ஓடாகிவிடும்.

ஓர் ஊரக அருங்காட்சியகம் எப்படி நடக்கிறது என்பது பார்வையாளருக்கு முழுதாகத் தெரிவதில்லை. கூடத்தில் காட்டப்படுவது கிடைத்ததில் சிறு பங்கு. மற்றவை எண்ணிட்டு, பதிவேட்டில் ஏற்றி, வைப்பறையில் இருக்க வேண்டும். இரும்புக் கத்திக்கு ஈரம் ஆகாது. தந்தத்துக்கு அதிக வறட்சியும் ஆகாது, வெடிக்கும். மண்ணில் ஊறிய உப்பு பானையின் மேற்பரப்பை உதிர்க்கும். வெப்பமும் ஈரப்பதமும் ஏறி இறங்காமல் ஆண்டு முழுவதும் கவனிக்க ஆள் வேண்டும். புது ஆய்வு வரும்போது விளக்கப் பலகையைத் திருத்தி எழுத வேண்டும். இதற்கெல்லாம் திறப்புவிழாச் செய்தி வராது. கட்டடத்துக்கு ஒருமுறை செலவு. பராமரிப்புக்கு ஒவ்வோர் ஆண்டும் செலவு. பொருளைக் கிடைத்த இடத்துக்கு அருகிலேயே வைத்துப் பராமரிப்பதில் பெரிய பயன் ஒன்று உண்டு. கூடத்தில் தாழியைப் பார்த்த மாணவர் சிறிது தூரத்தில் உள்ள கொந்தகை ஊரில் அது கிடைத்த நிலத்தையும் பார்க்கலாம். தக்களியைப் பார்த்தவர் வைகையையும் அதன் வண்டலையும் பார்க்கலாம். பெர்லினிலும் சென்னையிலும் இருக்கும் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களுக்கு இந்தச் சுற்றுப்புறம் கிடைக்கவில்லை.

ஊருக்கு அருங்காட்சியகம் என்ன செய்ய வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் என் பழைய மாணவிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பிள்ளைகளோடு அவள் அங்கே வந்திருந்தாள். பேழைக்குள் இருந்த கறுப்பு சிவப்பு ஓட்டைக் காட்டி, "இத மாதிரி ஒண்ண அம்மா எடுத்துருக்கேன். ரெண்டு நாளு ஆச்சு, ஒடையாம எடுக்க. பானையக் கவுத்துவச்சுச் சுட்டுருக்காக, காத்துப் போகாம உள்பக்கம் கறுத்துருச்சு" என்று மகனிடம் சொன்னாள். பக்கத்தில் நின்ற வெளியூர்க் குடும்பம் காதைத் தீட்டிக்கொண்டது. அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். அவள் பதில் சொன்னாள். சிறிது நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் அவளைச் சுற்றி நின்றார்கள். பலகையில் நான்கு வரியில் இருந்த செய்தி, அதைத் தோண்டியெடுத்த கையின் வழியாக வரும்போது அந்த மனிதர்களின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவளுடைய மகன் அம்மாவை அண்ணாந்து பார்த்ததையும் பார்த்தேன்.

எட்டாவதோடு படிப்பு நின்ற ஒரு பெண் அன்று அந்தக் கூடத்தின் ஆசிரியையாக இருந்தாள். இது தற்செயலாக நடந்தது. தமிழ்நாட்டின் எந்த ஊரில் இப்படி அருங்காட்சியகம் அமைந்தாலும் இது ஏற்பாடாக நடக்க வேண்டும் என்பதே என் ஆசை. அகழாய்வில் வேலை பார்த்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கூலியோடு வழிகாட்டிகளாக அமர்த்தலாம். நிலம் கொடுத்தவர்களின் பெயர்களையும் தோண்டியவர்களின் பெயர்களையும், அவர்கள் சம்மதித்தால், நுழைவாயிலிலேயே பொறித்து வைக்கலாம். குவிரன் ஆதனின் பெயர் ஓட்டில் நிலைத்ததால்தானே அவர் நமக்குத் தெரிகிறார்? ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து, அவர்களுக்குத் தெரிந்த வயல் பெயர், கண்மாய்க் கதை, தாழிக் கதை, விளையாட்டு எல்லாவற்றையும் குரலாகப் பதிவு செய்து வைக்கலாம். அந்தத் தலைமுறை வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

குழந்தைகளுக்காகவும் ஒன்று கேட்கிறேன். அன்று நாங்கள் போன மியூசியங்களில் அதிகம் கேட்ட சொல் "தொடாதே". இன்று தொடுதிரைகள் வந்திருக்கின்றன, நல்லது. ஆனால் சுட்ட மண் ஓட்டின் கனமும் சொரசொரப்பும் திரையில் கிடைக்காது. எழுத்தோ குறியோ இல்லாத, ஆய்வு முடித்துப் பதிவு செய்த சாதாரண ஓடுகள் எல்லா அகழாய்விலும் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. அவற்றில் ஒரு கூடை ஓட்டைக் கண்காணிப்போடு மேசையில் வைத்து, பள்ளிப் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க விடலாம். முற்றத்தில் பாண்டிக் கட்டம் போட்டு, புதிதாகச் செய்த சில்லைக் கொடுத்து ஆடச் சொல்லலாம். பேழையில் இருப்பது என்னவென்று அந்தக் குழந்தைக்கு ஆயுளுக்கும் மறக்காது.

வெளியே இன்னொரு வேலையும் கிடக்கிறது. வைகைக் கரையில் குறித்த 293 இடங்களில் கீழடிபோல் தோண்டிப் பார்த்தவை மிகச் சில. பிறகு வந்த கட்டங்களில் கொந்தகை, அகரம், மணலூர் சேர்ந்தன. மற்ற இடங்களில் செங்கல் சூளைக்கு மண் எடுப்பதும், வீட்டுமனைக்குத் தரை சமப்படுத்துவதும் நடக்கின்றன. எங்கள் காலத்து மண்வெட்டி ஓர் ஓட்டைப் புரட்டியது. இன்றைய பொக்லைன் ஒரு பகலில் ஒரு முழு மேட்டை வாரிவிடும். கீழடியின் புகழ் இன்னொரு ஆபத்தையும் கொண்டுவந்திருக்கிறது: வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் நினைவுப் பொருளாக ஓடுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். பத்து வயதில் நாங்கள் அறியாமல் செய்ததை, எல்லாம் தெரிந்தவர்கள் செய்யக் கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்க, இடத்தை விட்டுப் பெயர்த்த ஓடு தன் ஊரின் வயதைச் சொல்லும் வாய்ப்பை இழந்துவிடுகிறது என்பதே போதுமான காரணம்.

இதை எழுதும்போது என் மாணவர்கள் பலரின் முகங்கள் வந்துபோகின்றன. தங்கள் ஊரில் ஒன்றுமில்லை என்று நம்பிச் சென்னைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையை அவர்களுக்குக் கொடுத்ததில் அன்றைய பாடப்புத்தகத்துக்குப் பங்கு உண்டு. இன்று எங்கள் வட்டாரத்துப் பிள்ளையிடம் வெளியூரில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால், "கீழடிக்குப் பக்கத்துல" என்று நிமிர்ந்து சொல்கிறது. ஓர் ஊரின் அருங்காட்சியகம் தரக்கூடியவற்றில் இதைப் பெரிதாக மதிக்கிறேன். இந்த நிமிர்வு தமிழ்நாட்டின் எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டியது.

கீழடிக்கு வாருங்கள், குழந்தைகளோடு வாருங்கள். அவசரமாகப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், ஊர்க்காரர் ஒருவரிடம் நின்று பேசிவிட்டுப் போங்கள். உங்கள் ஊர் வயலிலோ கண்மாய்க் கரையிலோ பழைய ஓடோ தாழியின் வாயோ தென்பட்டால் அதைப் பெயர்க்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ அருகிலுள்ள பள்ளியின் வரலாற்று ஆசிரியரிடமோ சொல்லுங்கள். ஒருவர் சொன்னது யார் காதிலும் ஏறாவிட்டால் இன்னொருவர் சொல்லுங்கள். கீழடி ஏறத்தாழ 40 ஆண்டு காத்திருந்தது. அடுத்த ஊர் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது.